விரலில் ஆக்சிஜன் 98, ரத்தத்தில் லாக்டேட் 5: எதை நம்புவது?

ஐசியூவில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு விரலில் மாட்டிய கருவி 98 காட்டுகிறது, ஆனால் லாக்டேட் (செல்கள் சர்க்கரையை எரிக்கும்போது உண்டாகி, ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்) 5, நிலைமை கவலைக்கிடம் என்கிறார்கள், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

விரலில் மாட்டும் அந்தக் கருவி, பல்ஸ் ஆக்சிமீட்டர், 660, 940 நானோமீட்டர் அளவுள்ள இரண்டு ஒளிகளை விரலுக்குள் பாய்ச்சி, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனை ஏற்றியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது, ரத்தம் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் போய்ச் சேர்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 14 கிராம் இருந்தால், 98 சதவீதத்தில், 100 மி.லி. ரத்தத்தில் 18.4 மி.லி. ஆக்சிஜன். ஹீமோகுளோபின் 5 என்றால் வெறும் 6.6. கருவியிலோ இரண்டு பேருக்கும் அதே 98தான். புகையில் சிக்கியவருக்கு இன்னும் ஆபத்து: கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் கணக்கிலேயே சேர்த்துவிடும்.

லாக்டேட் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். 4ஐத் தாண்டினால் அவசரம். முதலில் ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள். சில லேப்களில் 100 மி.லி.க்கு எத்தனை மில்லிகிராம் என்று தருவார்கள், அதை 9ஆல் வகுக்க வேண்டும். அங்கே 18 என்றிருந்தால் 2தான்.

அடுத்து, ரத்தம் எடுத்த விதம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. மணிக்கட்டுத் தமனியில் ஹெப்பரின் சிரிஞ்சில் 1 முதல் 2 மி.லி. எடுத்ததும், காற்றுக் குமிழியை வெளியே தள்ளி மூட வேண்டும். குமிழி நின்றால் ஆக்சிஜன் அளவே மாறிவிடும். பிறகு மத்தை உருட்டுவது போல சிரிஞ்சை இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி ஹெப்பரினைக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் உறைந்து மெஷினை அடைக்கும். 15 நிமிடத்துக்குள் ஏபிஜி மெஷினுக்கு (தமனி ரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்கும் கருவி)ப் போய்விட வேண்டும். சிரிஞ்சுக்குள்ளும் ரத்த அணுக்கள் சர்க்கரையை எரித்து லாக்டேட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மேசையில் காத்திருந்த ரத்தம் பொய் சொல்லும். தாமதமாகும் என்றால் பனிக்கட்டி நீரில் வைக்க வேண்டும். லேபுக்கு அனுப்புவதாக இருந்தால் சர்க்கரை எரிவதைத் தடுக்கும் ஃபுளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாய். ரிங்கர் லாக்டேட் (லாக்டேட் கலந்த சலைன்) ஏறிக்கொண்டிருக்கும் அதே லைனிலிருந்து எடுத்தால் எண் எகிறும். பட்டையை நெடுநேரம் கட்டி, கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி எடுத்தாலும் அப்படித்தான்.

சரியாக எடுத்தும் 5 என்றால், உடனே ஆக்சிஜன் பற்றாக்குறை என்று முடிவுகட்ட முடியாது. அட்ரினலின் மருந்து டிரிப்பில் ஓடினாலும், மூச்சுத்திணறலுக்கான சால்புடமால் நெபுலைசர் அடிக்கடி வைத்தாலும், வலிப்பு வந்து நின்றாலும், கல்லீரல் பழுதானாலும், சிறுநீரகம் கெட்டவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்திருந்தாலும் ஏறும். ஆகவே ஒரே ஒரு எண்ணை வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2 முதல் 4 மணி நேரத்தில் மறுபடி எடுத்து, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

படுக்கை அருகிலேயே செய்யும் ஒரு சோதனையும் உண்டு. விரல் நுனியை வெளுக்கும் வரை அழுத்தி, 10 விநாடி அப்படியே வைத்து விட்டால், 3 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். 2019இல் வெளியான ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வு, செப்டிக் ஷாக் (கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்த நிலை) நோயாளிகளிடம் லாக்டேட்டுக்குப் பதிலாக இதையே வைத்துச் சிகிச்சையை நடத்திப் பார்த்தது.

டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: முதல் லாக்டேட் எவ்வளவு, இப்போது எவ்வளவு, ஹீமோகுளோபின் எத்தனை, மணிக்கு எத்தனை மி.லி. சிறுநீர் வருகிறது?