கேள்வி – பதில்: புதிய பதிவிறக்கத் தளத்தை நம்புவதற்கு முன்

கேம்களையும் மென்பொருள்களையும் இணையவழி விற்கும் பதிவிறக்கத் தளங்கள் குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில், ஒன்றோடொன்று தொடர்புடைய ஐந்தை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: விரைவில் தொடங்கப்படவிருக்கும் ஒரு பதிவிறக்கத் தளத்தின் பீட்டா பதிப்பைச் சோதிக்க எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. என்னிடம் இருப்பது கல்லூரிப் பாடங்களுக்கும் பயன்படும் ஒரே லேப்டாப். அதில் நிறுவலாமா? எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?
*– கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

பதில்: நிறுவலாம், சில முன்னேற்பாடுகளோடு. இத்தகைய தளத்தைப் பெரும்பாலோர் அதன் கடைமுகப்பை வைத்தே எடைபோடுகிறார்கள். எத்தனை கேம்கள் இருக்கின்றன, எவ்வளவு தள்ளுபடி தருகிறார்கள், இந்த வாரம் இலவசமாகக் கிடைப்பது என்ன என்பதோடு அவர்களுடைய சோதனை முடிந்துவிடுகிறது. வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் விவரமானவர், அறைகளை அளப்பதற்கு முன்பே அட்வான்ஸ் எப்போது, எந்தப் பிடித்தத்தோடு திரும்பக் கிடைக்கும் என்று கேட்டுவிடுவார். நீங்களும் சோதனையை வெளியேறும் வழியிலிருந்தே தொடங்குங்கள்: நிறுவியதை முழுமையாக நீக்க முடிகிறதா, கொடுத்த பணம் திரும்புகிறதா, கணக்கை அழிக்க முடிகிறதா, இணையம் இல்லாதபோதும் வாங்கிய கேம் இயங்குகிறதா என்ற நான்கையும் முதலில் பாருங்கள். இந்த நான்கிலும் தேறாத தளத்தின் தேடல் வசதியையும் வண்ண அமைப்பையும் சோதித்துக்கொண்டிருப்பது வீண்வேலை.

அதற்கு முன், நிறுவல் கோப்பைத் தளத்தின் சொந்த முகவரியிலிருந்து மட்டுமே இறக்குங்கள். வாட்ஸ்அப், டெலிகிராம், டிஸ்கார்டு குழுக்களில் வரும் இணைப்பு அழைப்பிதழைப் போலவே தோன்றினாலும் அதைத் தொட வேண்டாம். இறங்கிய கோப்பின் மீது மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியைத் திறந்தால், கையொப்பமிட்ட கோப்பாக இருக்கும்பட்சத்தில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பகுதி தெரியும். அங்கே நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கையொப்பம், கோப்பு யாரிடமிருந்து வந்தது என்பதையும் இடையில் எவரும் அதை மாற்றவில்லை என்பதையும் மட்டுமே சொல்லும். அதற்குள் கெடுதல் ஏதும் இல்லை என்று அது உறுதிமொழி தருவதில்லை. 2017இல் சிசிகிளீனர் என்ற பிரபலமான மென்பொருளின் 5.33 பதிப்பில் தீம்பொருள் புகுத்தப்பட்டபோது, அந்தக் கோப்பில் முறையான கையொப்பமே இருந்தது, ஏறத்தாழ 22.7 லட்சம் பேரின் கணினிகளுக்கு அது சென்று சேர்ந்துவிட்டது. ஆகவே பல வைரஸ் தடுப்பு மென்பொருள்களைக் கொண்டு ஒரு கோப்பை ஆராயும் வைரஸ்டோட்டல் போன்ற இணைய சேவையிலும் அந்தக் கோப்பை ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

பாடக் குறிப்புகளையும் புராஜெக்ட் கோப்புகளையும் வெளியே ஒரு டிரைவில் நகலெடுத்து வைத்த பிறகு, விண்டோஸில் நிர்வாகி உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து தளத்தை இயக்குங்கள். விண்டோஸ் புரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற வசதி உண்டு. மூடியவுடன் உள்ளே நிறுவியது அனைத்தும் அழிந்துவிடும் தற்காலிகக் கணினி அது. நிறுவல் கோப்பு என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு அது போதும். கனமான கேம்களை அதில் ஓட்டிப் பார்ப்பது சரிப்படாது. ஹோம் பதிப்பில் அந்த வசதி இல்லை. தளத்துக்கென்று தனி மின்னஞ்சல் முகவரியும், வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள். உள்நுழைவுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வசதி இல்லாவிட்டால், அதையே உங்கள் முதல் குறையாக எழுதி அனுப்பலாம்.

நிறுவும்போது, முக்கியமான வேறு கோப்புகள் எவையும் இல்லாத தனி ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். நீக்கும் வேளையில் தான் குடியிருந்த ஃபோல்டரை அப்படியே துடைத்துவிடும் தளங்கள் உண்டு. ஸ்டீம் என்ற கேம் தளத்தை நீக்கினால் அதன் ஃபோல்டரில் இருக்கும் கேம்களும் சேர்ந்தே போய்விடும் என்பது அதைப் பயன்படுத்துவோர் அறிந்ததுதான். பிறகு சிறிய இலவச கேம் ஒன்றை இறக்கி விளையாடிவிட்டு, தளத்தை முழுவதுமாக நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து பாருங்கள். ‘டாஸ்க் மேனேஜ’ரின் தொடக்கப் பட்டியலில் அதன் பெயர் இன்னும் இருக்கிறதா, பின்னணியில் ஏதேனும் சேவை இயங்குகிறதா, விளையாட்டில் பிறர் ஏமாற்றுவதைத் தடுக்க அது கொண்டுவந்த மோசடித் தடுப்பு மென்பொருள் தங்கிவிட்டதா என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது கணினியின் அடி ஆழத்தில், இயங்குதளத்தின் உச்ச உரிமையோடு வேலை செய்யக்கூடியது என்பதால், தளம் போனபின்னும் அது எஞ்சியிருப்பதை மன்னிக்கக் கூடாது.

வசதிக் குறைவுகளை மட்டும் வைத்து ஒரு புதிய தளத்தைத் தள்ளிவிடத் தேவையில்லை. எபிக் கேம்ஸ் ஸ்டோர் 2018 டிசம்பரில் திறக்கப்பட்டபோது, பல கேம்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் வாங்குவதற்கான ‘கார்ட்’ வசதிகூட அதில் இல்லை. அது வந்து சேர 2021 டிசம்பர் ஆயிற்று. இன்று இத்துறையின் முதல்வனாக இருக்கும் ஸ்டீம், 2003 செப்டம்பரில் வெளிவந்தபோது வேகக் குறைவுக்காகவும் அடிக்கடி செயலிழந்ததற்காகவும் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமில்லை.

கேள்வி: 40 ஜிபி அளவுள்ள கேம் ஒன்றைப் புதிய தளத்திலிருந்து இறக்க முயன்றேன். என் இணைப்பு 50 மெகாபிட் வேகம் கொண்டது. ஆனால் தளம் 6 மெகாபைட் என்றே காட்டுகிறது. தளம் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிறதா?
*– வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: இல்லை, உங்களுக்கு முழு வேகமும் கிடைத்துக்கொண்டிருக்கிறது. இணைய நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன, தளங்கள் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகின்றன. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 50 மெகாபிட் என்பது விநாடிக்கு 6.25 மெகாபைட், அந்த வேகத்தில் 40 ஜிபி இறங்க ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். தளம் கோப்புகளைச் சுருக்கி அனுப்பி உங்கள் கணினியில் விரிக்கிறது என்றால், பழைய ஹார்டு டிஸ்க்கும் மெதுவான பிராசசரும் இடையிடையே இறக்கத்தை நிறுத்தி வைப்பதும் இயல்பு.

பதிவிறக்கத்தில் வேகத்தைவிட முக்கியமாகச் சோதிக்க வேண்டியது, தடை ஏற்பட்டபின் தளம் எப்படி மீள்கிறது என்பதாகும். நன்கு வடிவமைத்த தளம், கேமைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஹேஷ் எனப்படும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்திருக்கும். இறங்கிய துண்டின் எண் அதோடு பொருந்தாவிட்டால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பாதி இறங்கியிருக்கும்போது வைஃபையை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பாருங்கள். முழுவதும் இறங்கிய பின், கேம் ஃபோல்டரிலிருந்து ஒரு கோப்பை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுங்கள். விடுபட்ட அந்த ஒன்றை மட்டும் இறக்கினால் தளம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். 40 ஜிபியையும் முதலிலிருந்து தொடங்கினால், மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இருப்பவர் அதன் பக்கமே போகாமலிருப்பது நல்லது. தினசரி டேட்டா வரம்புள்ள மொபைல் இணைப்பில் இறக்குபவருக்கும் இதுவே பொருந்தும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன், ஒரு கேம் தளத்தின் ஒரு மாத இலவச உறுப்பினர் திட்டத்துக்காக என் கணவரின் டெபிட் கார்டு எண்ணைக் கேட்கிறான். கொடுக்கலாமா?
*– இல்லத்தரசி, தஞ்சாவூர்*

பதில்: இலவசத்துக்கு எதற்குக் கார்டு எண் என்ற உங்கள் தயக்கம் நியாயமானது, அம்மா. மாதம் முடிந்ததும் பணத்தைத் தானாக எடுத்துக்கொள்வதற்கான முன் அனுமதியைத்தான் அவர்கள் இப்போதே வாங்கிக்கொள்கிறார்கள். கார்டு எண்ணை வணிகத் தளங்கள் தங்களிடம் சேமித்து வைக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது; எண்ணுக்குப் பதிலாக ‘டோக்கன்’ எனப்படும் மாற்றுக் குறியீட்டையே அவர்கள் வைத்துக்கொள்ளலாம். தொடர் கட்டணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும் என்பதும் விதி. இந்த விதிகள் நம் நாட்டு வங்கிமுறையின் வழியாக நடக்கும் பரிவர்த்தனைக்குக் காப்பு. கார்டின் எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் கேட்டுப் பெறும் போலித் தளத்துக்கு விதி எதுவும் கிடையாது.

மகன் கட்டாயம் வேண்டும் என்றால், கணவர் பக்கத்தில் அமர்ந்து, சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்கை விட்டுவிட்டுச் சிறு தொகை மட்டும் உள்ள வேறொரு கணக்கிலிருந்து யுபிஐ மூலம் அனுமதி கொடுக்கட்டும். அன்றைக்கே அந்த உறுப்பினர் திட்டத்தை ரத்து செய்தும் பார்க்கட்டும். சேர்வதற்கு ஒரு பொத்தானும், விலகுவதற்கு நாலைந்து பக்கங்களும் வைத்திருக்கும் தளமா என்பது அப்போதே தெரிந்துவிடும். பெரும்பாலான தளங்களில் ரத்து செய்த பிறகும் மாதம் முடியும்வரை விளையாடலாம் என்பதால் பையனுக்கும் நட்டமில்லை. பணம் திரும்பத் தருகிறோம் என்று சொல்லி எவரேனும் யுபிஐ பின் எண்ணைப் போடச் சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை.

கேள்வி: வட்டில் வாங்கிய கேம் என் அலமாரியில் இருக்கும். தளத்தில் வாங்கியது, தளமே மூடப்பட்டால் என்னவாகும்?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்*

பதில்: பெரும்பாலான தளங்களில் நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே, ஐயா. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, இத்தகைய உரிமத்தை விற்கும்போது அது உரிமமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறது. அதற்கு முன்பே ஸ்டீம் தன் பணம் செலுத்தும் பக்கத்தில் இந்த அறிவிப்பைச் சேர்த்துவிட்டது.

மூடப்பட்ட தளங்களின் கதை ஒரே மாதிரி முடிவதில்லை. கூகுளின் ஸ்டேடியா 2023 ஜனவரி 18 அன்று நிறுத்தப்பட்டபோது, அதன் கடையில் வாங்கிய கேம்களுக்கான பணம் திருப்பித் தரப்பட்டது. அத்தனை பெரிய நிறுவனம் பின்னால் இல்லாத தளத்திடம் இதை எதிர்பார்க்க முடியாது. போலந்தைச் சேர்ந்த ஜிஓஜி தளம் 2008 முதலே, நகலெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டு இல்லாத நிறுவல் கோப்புகளைத் தருகிறது. அவற்றை உங்கள் ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொண்டால், தளத்தின் உதவியின்றியே பின்னாளில் நிறுவிக்கொள்ளலாம். உங்கள் அலமாரிக்கு நெருக்கமானது அதுவே. வேறு தளமானால், கேமை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, இணைப்பைத் துண்டித்து, மறுநாளும் அதற்கடுத்த வாரமும் திறந்து பாருங்கள். சில தளங்கள் முதல் நாள் அனுமதித்துவிட்டு, சில நாட்கள் கழித்து மறுபடி உள்நுழையச் சொல்லும்.

பணம் திரும்பப் பெறும் விதியையும் வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள். ஸ்டீமிலும் எபிக்கிலும் பொதுவான விதி, வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கேட்கலாம் என்பது. ஜிஓஜியில் 30 நாட்கள். ஸ்டீமே இந்த விதிக்கு 2015 ஜூனில்தான் வந்தது என்பதைப் பார்க்கும்போது, புதிய தளம் முதல் நாளிலேயே அதை வைத்திருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பதில் தவறில்லை.

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து செய்த சிறு கேமைத் தங்கள் தளத்தில் வெளியிடுமாறு ஒரு புதிய தளத்தினர் அழைக்கிறார்கள். விற்பனையில் தளம் எடுத்துக்கொள்ளும் பங்குத் தொகை குறைவு என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
*– கேம் வடிவமைப்பாளர், சென்னை*

பதில்: பங்கைக் குறைப்பது புதிதாக வருபவர்களின் வழக்கமான உத்தி. ஸ்டீம் பொதுவாக 30 விழுக்காடு எடுத்துக்கொண்டிருந்தபோது, எபிக் 12 விழுக்காட்டோடு சந்தைக்குள் நுழைந்தது. இட்ச் தளத்திலோ விற்பவரே தளத்தின் பங்கைத் தீர்மானிக்கலாம். குறைந்த பங்கு நல்லதுதான், ஆனால் வாங்க ஆளில்லாத கடையில் முழு விலையும் உங்களுக்கே என்றாலும் பயன் இல்லை.

வாங்குபவருக்குச் சொன்ன சோதனையே உங்களுக்கும் பொருந்தும். ஒப்பந்தத்தில், கேமை விலக்கிக்கொள்ள எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், வேறு தளங்களில் விற்கத் தடை உண்டா, அது எவ்வளவு காலத்துக்கு, பணம் எந்த மாதத்தில் எந்தக் குறைந்தபட்சத் தொகை சேர்ந்தபின் வரும், தள்ளுபடி விலையை யார் தீர்மானிப்பது என்ற வரிகளைத் தேடிப் படியுங்கள். பீட்டா காலத்திலேயே உங்கள் கேமின் பழைய பதிப்பு ஒன்றைப் பதிவேற்றி, ஒரே ஒரு கோப்பை மாற்றிய புதிய பதிப்பையும் அனுப்பிப் பாருங்கள். பயனரின் கணினி மாறிய பகுதியை மட்டும் இறக்குகிறதா, முழு கேமையும் இறக்குகிறதா, புதிய பதிப்பில் பிழை இருந்தால் முந்தையதற்கு உடனே திரும்ப முடிகிறதா என்பதை அவர்களுடைய விளம்பரத் தாள் சொல்லாது. பிழையை எழுதும்போது, ‘வேலை செய்யவில்லை’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடாமல், தளத்தின் பதிப்பு எண், விண்டோஸின் பதிப்பு, எந்தப் படியில் நின்றது, மறுபடி செய்தாலும் அதே இடத்தில் நிற்கிறதா என்பவற்றோடு, தளம் தன் செயல்பாடுகளைக் குறித்து வைக்கும் பதிவுக் கோப்பையும் (லாக்) இணைத்து அனுப்புங்கள். அந்தக் கடிதத்துக்கு எத்தனை நாளில், எப்படிப்பட்ட பதில் வருகிறது என்று பார்த்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம்.