"நல்லா வர்றான்மா" என்கிறது பள்ளி: கூட்டத்தில் நான் என்ன கேட்பது?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம் இருக்கிறது. பேச்சும் வாசிப்பும் வயதுக்குப் பின்தங்கி வருகின்றன. அவனுக்கென்று இலக்குகளையும் உதவிகளையும் எழுதிவைக்கும் தனிநபர் கல்வித் திட்டத்துக்காகப் பள்ளியில் வருடத்துக்கு ஒருமுறை கூட்டம் வைக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் நான் ஒருத்தி. "நல்லா வர்றான்மா, கவலைப்படாதீங்க" என்கிறார்கள். வீட்டில் பார்த்தால் போன வருடம் திணறிய இடத்தில்தான் இன்னும் திணறுகிறான். கேட்க நினைத்ததெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. போன முறை அழுதுவிட்டேன். நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருக்கிறது. டீச்சர்களைப் பகைத்துக்கொள்ளாமல் என் பிள்ளைக்காக எப்படிப் பேசுவது?

பதில்: அந்த "நல்லா வர்றான்" என்ற சொல்லிலிருந்தே ஆரம்பிப்போம். அதைச் சொன்ன ஆசிரியர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஜூன் மாதம் தெரியாத இருபது சொற்கள் இன்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம். அது நிஜமான வளர்ச்சி, அவன் பாடுபட்டு வாங்கியது. ஆனால் அதே காலத்தில் வகுப்பில் மற்ற பிள்ளைகள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதும், இவனுக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளி குறைந்ததா கூடியதா என்பதும் அந்தச் சொல்லில் இல்லை. நீங்கள் வீட்டில் பார்ப்பது அந்த இடைவெளியை. ஆகவே இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

இதைத் தெளிவாக்கிக்கொள்ள மதிப்பீட்டு அறிக்கைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பயப்படாதீர்கள், தெரிய வேண்டியது கொஞ்சம்தான். பேச்சு, வாசிப்பு, அறிவுத்திறன் ஆகியவற்றுக்கான பெரும்பாலான தேர்வுகளில் தர மதிப்பெண் என்று ஒன்று இருக்கும். அதில் அந்த வயதுக் குழந்தைகளின் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். பக்கத்திலேயே சதமானம் என்று இன்னொரு எண் இருக்கும். அதைப் பரீட்சை மார்க் போலப் படித்துவிடும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். 16-ஆவது சதமானம் என்றால் 100-க்கு 16 மார்க் என்று பொருள் இல்லை. அதே வயதுள்ள 100 பேரை வரிசையாக நிறுத்தினால், கீழிருந்து எண்ணும்போது இவன் 16-ஆவது இடத்தை ஒட்டி நிற்கிறான் என்று பொருள். தர மதிப்பெண் 85 என்பதும் ஏறக்குறைய இதே இடம்தான்.

இப்போது பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே தேர்வில் இரண்டு வருடத்துக்கு முன் 84, இப்போது 73 என்றால், அவன் கற்றிருக்கலாம். ஆனால் மற்றவர்களைவிட மெதுவாகக் கற்றிருக்கிறான், இடைவெளி கூடியிருக்கிறது. மூன்று நான்கு புள்ளி ஏறி இறங்குவதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். குழந்தை அன்று தூங்கினானா, யார் தேர்வு வைத்தார் என்பதற்கெல்லாம் அந்த அளவு ஆட்டம் இருக்கும். பத்துப் புள்ளிக்கு மேல் சரிந்திருந்தால் கூட்டத்தில் அதைக் கேட்டே ஆக வேண்டும். அறிக்கை கையில் இல்லையென்றால் இன்றே கேளுங்கள். கூட்டத்தன்று மேசையில் வைத்துத் தரும் பதினைந்து பக்கத்தை அங்கேயே படித்து யாராலும் பதில் சொல்ல முடியாது. குறைந்தது ஒரு வாரம் முன்னால் வேண்டும் என்று சொல்லலாம்.

அடுத்தது, திட்டத்தில் எழுதியிருக்கும் இலக்குகள். என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. "வாசிப்புத் திறனை மேம்படுத்திக்கொள்வான்" என்று எழுதியிருக்கும். மேம்பட்டானா என்று வருடக் கடைசியில் எப்படிச் சொல்வது? என்ன நடந்தாலும் ஆம் என்று சொல்லிவிடலாம். இதற்குப் பதிலாக எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்று சொல்கிறேன்: "முன்பு பார்க்காத, இரண்டாம் வகுப்பு நிலையில் உள்ள ஒரு பத்தியை இப்போது நிமிடத்துக்கு 25 சொற்கள் சரியாக வாசிக்கிறான். வருட முடிவில் 60 சொற்கள் வாசிப்பான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறப்பு ஆசிரியர் அளந்து குறித்துவைப்பார்." இதில் இன்றைய நிலை, போய்ச் சேர வேண்டிய இடம், அளக்கும் ஆள், அளக்கும் நாள் எல்லாம் இருக்கின்றன. ஜனவரியில் 30-லேயே நிற்கிறான் என்றால் ஜூன் வரை காத்திருக்காமல் கற்பிக்கும் முறையை மாற்றச் சொல்லலாம். பேச்சுக்கும் இப்படித்தான். "தன் தேவைகளைத் தெரிவிப்பான்" போதாது. யாரும் எடுத்துக்கொடுக்காமல், ஒரு நாளில் எத்தனை முறை, வாயால் சொல்லியா, படம் காட்டியா, கருவியைத் தட்டியா என்பது வேண்டும். மூன்றுமே பேச்சுதான். வாயால் சொன்னால் மட்டும்தான் கணக்கு என்று யாரும் எழுத விடாதீர்கள்.

இலக்கு சரியானாலும் அதை அடையக் கொடுக்கும் உதவி சரியாக இருக்க வேண்டும். "தேவைக்கேற்பப் பேச்சுப் பயிற்சி" என்ற வரியைப் பார்த்தால் அதன் கீழே ஒரு கோடு போடுங்கள். பயிற்சியாளர் விடுப்பில் போனால், நேரப் பட்டியல் இடித்தால், முதலில் காணாமல் போவது இந்தத் தேவைக்கேற்பதான். வாரத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், தனியாகவா குழுவிலா, வகுப்பறைக்குள்ளா வெளியே அழைத்துப் போயா, யார் தருவார், விட்டுப்போனால் எப்போது ஈடுகட்டுவார் என்று எண்ணிலும் பெயரிலும் எழுதச் சொல்லுங்கள்.

சரி, பகை வராமல் கேட்பது எப்படி? பல வருடம் மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கூட்டத்தில் வாய் திறக்காத ஆசிரியர் உங்களுக்கு எதிரானவர் என்று நினைக்காதீர்கள். இந்தக் குழந்தைக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும் என்று எனக்கே தெரிந்து, நிர்வாகத்தின் முன்னால் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்த கூட்டங்கள் உண்டு. அந்த மாதிரி நேரத்தில் ஒரு தாய் எழுத்தில் கேட்டால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும். "பெற்றோர் எழுதிக் கேட்டிருக்கிறார், பதில் சொல்ல வேண்டும்" என்று அந்தத் தாளைத் தலைமை ஆசிரியரிடம் எடுத்துக்கொண்டு போவேன். ஆகவே எழுதுவதைச் சண்டையாக நினைத்துத் தயங்க வேண்டாம். "ஏன் செய்யவில்லை?" என்பதை "இதைச் செய்ய என்ன தேவைப்படுகிறது, அதற்கு யார் அனுமதி தர வேண்டும்?" என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குத்தான் ஆசிரியரும் காத்திருப்பார்.

எதற்காவது "முடியாது" என்று பதில் வந்தால் வாதாட வேண்டாம். "சரி, என்ன காரணத்தால் முடியாது, எந்த மதிப்பீட்டைப் பார்த்து முடிவெடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அமெரிக்காவில் பெற்றோர் கேட்டதை அரசுப் பள்ளி மறுத்தால் இப்படி எழுதிக் கொடுப்பது சட்டப்படி கட்டாயம். எங்கே இருந்தாலும் இந்த வாக்கியம் வேலை செய்கிறது. வாயால் சுலபமாகச் சொன்ன மறுப்பைக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றதும் இன்னொரு முறை யோசிப்பார்கள்.

உங்கள் நாட்டின் சட்டத்தில் உங்களுக்கு வேண்டிய இரண்டு மூன்று பக்கங்களையாவது படித்துவிடுங்கள். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, எல்லாரும் சேர்ந்து படிக்கும் கல்வியையும் அதற்குத் தேவையான தனிப்பட்ட உதவியையும் உரிமை என்கிறது. நாட்டுக்கு நாடு நடைமுறை வேறு. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம் அதில் ஒன்று. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவையான வசதி செய்து, ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கவனிக்க வேண்டும் என்கிறது 16-ஆவது பிரிவு. நடக்கவில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். அமெரிக்காவில் திட்டத்தை வருடம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும், பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து தேவையில்லை என்று முடிவு செய்தாலொழிய மூன்று வருடத்துக்குள் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். பள்ளியின் மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால் பள்ளியின் செலவிலேயே வெளி நிபுணரின் மதிப்பீட்டைக் கோரலாம். இங்கிலாந்தில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டத்துக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து வழக்கமாக 20 வாரத்துக்குள் இறுதித் திட்டம் வர வேண்டும். மறுத்தால் தீர்ப்பாயம் இருக்கிறது. சட்டத்தின் பெயரைக் கூட்டத்தின் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டாம். தெரிந்திருக்கிறது என்பதே உங்கள் குரலை நிதானமாக்கும்.

மகனையும் அந்த அறைக்குள் கொண்டு வாருங்கள். பத்து நிமிடம் வந்து உட்கார முடிந்தால் வரட்டும். சத்தமும் ஆட்களும் அவனுக்கு ஒத்துவராது என்றால் ஒரு பக்கம் போதும்: அவன் படம், எது பிடிக்கும், எதைக் கண்டால் மிரள்வான், பள்ளியில் எந்த நேரம் கஷ்டமானது. அதை அவனிடமே கேட்டு, அவன் எப்படிச் சொன்னானோ அப்படியே எழுதுங்கள். எண்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்த்ததும் அவன் பெயரைச் சொல்லிப் பேசுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள். கணவரோ அக்காவோ தோழியோ, யாராக இருந்தாலும் சரி. அவர் பேச வேண்டாம், குறித்துக்கொண்டாலே போதும். அழுகை வந்தால் அடக்கிக்கொண்டு தலையாட்ட வேண்டாம். "ஐந்து நிமிடம் வேண்டும்" என்று சொல்லி வெளியே போய் வாருங்கள். அப்போதும் முடியவில்லையென்றால் மிச்சத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பிள்ளையை நினைத்து அழும் தாயை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. கையெழுத்துக்குத் தாள் நீட்டினால், இது கூட்டத்துக்கு வந்ததற்கா, திட்டத்துக்குச் சம்மதம் என்பதற்கா என்று முதலில் கேளுங்கள். சம்மதத்துக்கு என்றால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். போன வருடம் போட்ட கையெழுத்தை நினைத்து வருந்த வேண்டாம். நடுவருடத்திலும் கூட்டத்தைக் கேட்கலாம், திட்டத்தை மாற்றலாம்.

கூட்டம் முடிந்த அன்றிரவே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டவை இவை. தவறிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் திருத்திச் சொல்லுங்கள்."

அதற்கு முன்னால் இந்த வாரம் அனுப்ப வேண்டியது ஒன்று இருக்கிறது. "அடுத்த கூட்டத்துக்குத் தயாராக விரும்புகிறேன். கடந்த மூன்று வருட மதிப்பீட்டு அறிக்கைகள், இப்போதைய திட்டத்தின் ஒவ்வொரு இலக்குக்கும் எடுத்த அளவுகள், இதுவரை நடந்த பேச்சுப் பயிற்சிகளின் தேதிகள் ஆகியவற்றின் நகல் வேண்டும். என்றைக்குக் கிடைக்கும் என்று சொல்லுங்கள்." இவ்வளவு எழுதினால் போதும். தேதி போட்டு அனுப்பி, நகலை ஃபைலில் முதல் தாளாக வையுங்கள்.