மருந்துக்குக்கூட தூக்கம் இல்லைன்னா என்ன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நர்சிங் முடிச்சு இப்பதான் வேலைக்குச் சேர்ந்திருக்கேன். படிச்சதெல்லாம் இங்கிலீஷ் மீடியம். போன வாரம் நைட் டூட்டில ஒரு பாட்டி "மருந்துக்குக்கூட தூக்கம் இல்லம்மா"ன்னாங்க. தூக்க மாத்திரை போட்டும் தூக்கம் வரலைன்னு சொல்றாங்கன்னு நெனச்சு அப்படியே எழுதி வச்சுட்டேன். காலைல டாக்டர் "இவங்களுக்கு தூக்க மாத்திரையே எழுதலையே"ன்னு கேட்டப்புறம்தான் சீனியர் சிஸ்டர் அர்த்தம் சொன்னாங்க. அன்னைலேருந்து இந்த வார்த்தைதான் மண்டைல ஓடுது. வயலுக்கு அடிக்கிறதும் மருந்து, பட்டாசுக்குள்ள இருக்கிறதும் மருந்து, நான் குடுக்கிறதும் மருந்து. எப்படிக்கா இது?

அன்புத் தங்கச்சிக்கு,

நல்லவேளை டாக்டர் கேட்டாரு. கேக்காம விட்டிருந்தா அந்தப் பாட்டிக்குத் தேவையில்லாம பெரிய டோஸ் தூக்க மாத்திரை எழுதியிருப்பாங்களோன்னு நெனச்சா எனக்கே பதறுது.

முதல்ல பாட்டி சொன்னது. கைவைத்தியத்துல எது வேணும்னாலும் துளிதான் வேணும், ஒரு சிட்டிகை சுக்குப்பொடி, ரெண்டு மிளகு, நாக்குல தடவுற அளவு தேன். வீட்டுல தேன் தீர்ந்துபோச்சுன்னா பக்கத்து வீட்டுல போய் "மருந்துக்குக் கொஞ்சம் தேன் இருந்தா குடுங்க"ன்னு கேப்பாங்க, மருந்துக்குன்னு சொன்ன உடனே எவ்வளவுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். அந்தத் துளிகூட இல்லைங்கிறதுதான் மருந்துக்குக்கூட இல்லைங்கிறது. மருந்துக்குக்கூட மழை இல்ல, மருந்துக்குக்கூட அவர் முகத்துல சிரிப்பு இல்லன்னு எதுக்கு வேணும்னாலும் வரும், பெரும்பாலும் இல்லைங்கிறதோட சேர்ந்தேதான் வரும். பாட்டி நிஜமாவே மாத்திரையைச் சொல்லியிருந்தா "மாத்திரை போட்டும் தூக்கம் வரல"ன்னு சொல்லியிருப்பாங்க.

நீங்க கேட்ட மத்ததுக்கும் எனக்கு இந்தத் துளிதான் சாவியாத் தெரியுது. கொஞ்சமா, அளவாப் போட்டாலே ஒண்ணை இன்னொண்ணா மாத்திடுற பொருள் எதுவோ அதை நம்ம ஆளுங்க மருந்துன்னு சொல்றாங்க, அது உயிரைக் காப்பாத்துதா எடுக்குதாங்கிறது அந்த வார்த்தைக்குள்ள இல்ல. வெடிமருந்தையே பாருங்க, வெடியுப்பு, கந்தகம், கரி, மூணையும் பொடிச்சு சலிச்சு அளவு பிசகாம சேக்கணும், உப்பு ஏறக்குறைய முக்கால் பங்கு. இதுல வெடியுப்பும் கந்தகமும் சித்த மருத்துவத்துலயும் இருக்கிற சரக்குதான். இடிக்கிறது, சலிக்கிறது, நிறுத்துக் கலக்குறதுன்னு கைவேலையும் ஒண்ணுதானே, பேரும் ஒண்ணா இருக்கிறதுல ஆச்சரியமில்ல. நாம மட்டும் இப்படிச் சொல்றோம்னு நெனைக்காதீங்க. சீன மொழியில வெடிமருந்துக்குப் பேரே "நெருப்பு மருந்து"தான். தெலுங்குல "மந்து"ன்னா மருந்து, வெடிமருந்து, சாராயம் மூணும். கன்னடத்து "மத்து"லயும் மருந்தும் இருக்கு வெடிமருந்தும் இருக்கு. வள்ளுவர்கிட்டப் போனா சாவே வராம பண்ற அமிர்தத்தை "சாவா மருந்து"ன்னு சொல்றாரு (குறள் 82). அமிர்தத்துலேருந்து வெடி வரைக்கும் ஒரே சொல்லு.

அப்ப எந்த மருந்துன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பக்கத்துல என்ன வினை வருதுன்னு பாருங்க. சாப்பிட்டா மாத்திரை, போட்டா களிம்பு, கட்டினா புண்ணு, அடிச்சா பயிரு. "மருந்து ஏறுது"ன்னா டிரிப்ஸ். "காய்ச்சல் மருந்துக்குக் கேக்கல"ன்னா குணமாகலன்னு அர்த்தம், நோய்க்குக் காது இருக்கிற மாதிரி பேசுவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பேச்சு இது. ஆனா ரெண்டு வினைல ஏமாந்துடாதீங்க.

ஒண்ணு வைக்கிறது. "கால்ல மருந்து வச்சேன்"னா புண்ணுக்கு. "அடுப்படில மருந்து வச்சிருக்கேன்"னா எலிக்கு. "எனக்கு யாரோ மருந்து வச்சுட்டாங்க"ன்னு ஒருத்தர் வயித்தப் பிடிச்சுக்கிட்டு வந்தா சோத்துல வசிய மருந்து கலந்து குடுத்துட்டாங்கன்னு அவர் நம்புறாரு, அந்த மருந்தை வயித்துலேருந்து எடுத்துடுறோம்னு சொல்றவங்ககிட்டப் போய் நாளைக் கடத்திட்டுக்கூட வந்திருப்பாரு. அவர் நம்பிக்கையோட சண்டை போடாதீங்க, வலி எத்தனை நாளா இருக்கு, எடுக்கிறவங்க குடிக்க ஏதாவது குடுத்தாங்களான்னு கேட்டு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

இன்னொண்ணு குடிக்கிறது. குழந்தைக்கு சிரப் குடுத்தாலும் "மருந்து குடிச்சிட்டான்"தான், விஷத்தைக் குடிச்சவங்க வீட்டுல அழுதுக்கிட்டே சொல்றதும் "மருந்தைக் குடிச்சிட்டான்"தான். விஷம்னு சொல்ல வாய் வராது, ஊருல நாலு பேரு காதுல விழும், அதனால மருந்துங்கிற சொல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறாங்க. இப்படி யாராவது வந்து சொன்னா நீங்களே ஒரு அர்த்தம் எடுத்துக்காதீங்க. என்ன மருந்து, எப்போ, எவ்வளவு, பாட்டில் இருக்கான்னு அந்த நிமிஷமே கேளுங்க.

பயிருக்கு நோய் வந்தா குடுக்கிறது மருந்துதானேன்னு விவசாயி சொல்றது நியாயம்தான், பயிரு பக்கம் நின்னு பாத்தா அது மருந்துதான். பாடப்புத்தகத்துல பூச்சிக்கொல்லின்னு இருக்கு, வயல்ல யாரு அப்படிச் சொல்றாங்க? எங்க சொந்தக்காரங்க வீட்டுல ஒருதடவை பார்த்தேன், ஜன்னல் மேடையில இருமல் சிரப் பாட்டில், அதை ஒட்டியே ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல பாதிக்குப் பால் மாதிரி வெள்ளையா ஏதோ. என்னன்னு கேட்டேன், "மருந்து"ன்னாங்க. ரெண்டாவதைக் காட்டி இது, "அதுவும் மருந்துதான்". நாலு வயசுப் பிள்ளை பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருக்கு, அதுக்கு அன்னைக்குக் காலைலதான் இருமல் மருந்து குடுத்திருக்காங்க, நல்ல பிள்ளையா குடிச்சதுக்குக் கொஞ்சியும் இருக்காங்க. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு. கம்பெனி டப்பாவுல சாய்சதுரக் கட்டம் ஒண்ணு இருக்கும், கீழ்ப்பாதி சிவப்புன்னா மிகக் கொடிய விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சைன்னு விஷம் குறையும், சிவப்புக்கு மண்டையோடும் போட்டிருப்பாங்க. பாட்டில் மாத்தி ஊத்தின உடனே அத்தனையும் போயிடுது, மருந்துங்கிற பேரு மட்டும்தான் மிஞ்சுது. குழந்தைங்க இருக்கிற வீட்டுல இதை விஷம்னே சொல்லுங்கன்னு பாக்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்களும் டிஸ்சார்ஜ் ஆகிப் போறவங்ககிட்ட சொல்லலாம்.

கடைசியா உங்க வேலைக்குன்னே ஒரு குறள் இருக்கு, 950. "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து." இதுல மருந்து ரெண்டு தடவை வருது, அர்த்தம் வேற வேற. முதல் மருந்து நீங்க கையில எடுத்துக் குடுக்கிறது. முடிவுல வர்ற மருந்து மொத்த மருத்துவமும். நோயாளி, டாக்டர், மருந்து, அதைக் கூடவே இருந்து குடுக்கிறவங்க, இந்த நாலும் சேர்ந்ததுதான் மருத்துவம்னு சொல்றாரு. அந்த நாலாவது ஆள் நீங்கதான்.

பாட்டி இப்ப தூங்குறாங்களா? எழுதுங்க.

அன்புடன்,
அக்கா