ஓடாமல் நின்ற ஃபிளெக்ஸ் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: காரிமங்கலத்தில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஃபிளெக்ஸ் பேனர் ஆர்டர்களை இதுவரை தருமபுரியில் கொடுத்து அடித்து வாங்கி வருகிறேன். பெங்களூரில் மூடப்பட்ட ஒரு கடையிலிருந்து, இங்க் தெளிக்கும் நான்கு கோனிகா ஹெட் உள்ள 10 அடி சால்வென்ட் மெஷின் 3,80,000 ரூபாய்க்கு வருவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். ஐந்து மாதமாக ஓடவில்லையாம். சொல்யூஷன் விட்டுக் கழுவினால் ஓடிவிடும் என்கிறார். வேறு ஆள் கேட்பதாகச் சொல்லி 50,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். மெஷினையே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓடாத மெஷினுக்கு, அதை நேரில் பார்ப்பதற்கு முன்பே, ஓடும் மெஷினின் விலையை மனத்தில் வைத்து அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்கிறேன். அகலம், ஹெட் எண்ணிக்கை, விலை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்தப் பேரத்தைத் தீர்மானிப்பது "ஐந்து மாதமாக ஓடவில்லை" என்ற மூன்று சொற்கள்தான்.

சால்வென்ட் இங்கில் நிறமிப் பொடியும், அதை ஃபிளெக்ஸின்மேல் ஒட்டவைக்கும் பிசினும், இரண்டையும் நீர்மமாக வைத்திருக்கும் சால்வென்ட்டும் கலந்திருக்கின்றன. துணியில் விழுந்ததும் சால்வென்ட் ஆவியாகிப் போக, பிசின் நிறமியைப் பிடித்துக்கொண்டு காய்ந்துவிடுவதால்தான் பேனர் மழையில் கரையாமல் நிற்கிறது. அதே காய்தல், மெஷின் சும்மா நிற்கும்போது ஹெட்டுக்குள்ளும் நடக்கிறது. கோனிகா 512 வகை ஹெட் ஒன்றில் 512 நாசில்கள் உண்டு. ஒவ்வொன்றும் தலைமுடியைவிட நுண்ணிய துளை. அத்தகைய துளையில் ஐந்து மாதம் காய்ந்த பிசினை சொல்யூஷன் ஓரளவு கரைக்கும். உள்ளே படிந்து கட்டிப்போன நிறமியை முழுவதும் வெளியே கொண்டுவராது. வராததைச் சிரிஞ்சால் அழுத்தித் தள்ளுகிறார்கள், அல்லது அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டு அதிரவைக்கிறார்கள். அதில் அடைப்பு நீங்கினாலும், உள்ளிருக்கும் மெல்லிய சுவர்களும் அவற்றை ஒட்டியிருக்கும் பசையும் பழுதாகக்கூடும். அதனால் தரகர் சொல்வது பாதி உண்மை: கழுவினால் ஓடும், ஆனால் உங்கள் கடைக்கு வந்து எத்தனை நாள் ஓடும் என்பதற்கு அவர் பொறுப்பேற்கப் போவதில்லை. நிறுத்துவதற்கு முன் ஹெட்டை முறையாகக் கழுவி, சொல்யூஷன் நிரப்பி மூடி வைத்திருந்தால் நிலைமை வேறு என்று சிலர் சொல்வார்கள். நட்டத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு போனவர் அந்த அக்கறையோடு செய்திருப்பார் என்று நம்பிப் பணம் போடாதீர்கள்.

ஆகவே, நின்றுபோன மெஷினில் ஹெட்டின் மதிப்பு சைபர் என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். நான்கு புதிய ஹெட்டுகளுக்கு என்ன விலை ஆகும் என்று சேலத்திலோ ஓசூரிலோ இரண்டு இடங்களில் கேளுங்கள். மாடலைப் பொறுத்து ஒரு ஹெட்டே பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். அந்தத் தொகையை 3,80,000த்தோடு கூட்டினால்தான் இந்த மெஷினின் உண்மையான விலை தெரியும். அந்தக் கூட்டுத்தொகைக்கு, தினமும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின் ஒன்று கிடைக்குமா என்று அதன்பிறகு யோசியுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

ஓடும் மெஷினைக் காட்டினாலும் ஏமாறுவதற்கு வழி இருக்கிறது. துணியின் ஒரே பட்டையின்மேல் ஹெட் எத்தனை முறை போய்வந்து அடிக்கிறது என்பதை பாஸ் என்கிறோம். பாஸைக் கூட்டினால், அடைபட்ட நாசில் விட்ட இடத்தை வேறொரு நாசில் நிரப்பிவிடும். அதனால்தான் விற்பவர்கள் அடர்ந்த நிறமுள்ள சாமி படத்தையோ இயற்கைக் காட்சியையோ அதிக பாஸில், மெதுவாக அடித்துக் காட்டுகிறார்கள். அதில் கோடு தெரியாது. நீங்கள் உங்கள் பென் டிரைவில், சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கும் தனித்தனிப் பட்டையாகவும், அதே நிறங்கள் பாதி அடர்த்தியிலும், ஓரத்தில் பொடி எழுத்துகளும் உள்ள ஒரு ஃபைலைக் கொண்டுபோங்கள். கடையில் தினசரி எந்த பாஸில் ஓட்டுவீர்களோ அதே பாஸில் அடிக்கச் சொல்லுங்கள். வெளிர் நிறப் பட்டையில் கோடுகள் மறைய முடியாது. தொடக்கத்தில் ஒரு நாசில் செக் (எந்த நாசில் அடிக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்று காட்டும் சோதனை அச்சு), அரைமணி நேரம் நிறுத்தாமல் ஓட்டியபின் இன்னொரு நாசில் செக் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலில் நன்றாக இருந்து பிறகு சில நாசில்கள் அடிக்காமல் நின்றால் இங்க் போய்ச்சேரும் வழியில், அதாவது குழாயிலோ பம்பிலோ ஃபில்டரிலோ, குறை இருக்கிறது. 10 மீட்டர் நீளத்துக்கு ஓட்டி, துணி ஒரு பக்கமாக விலகிப் போகிறதா என்பதையும் அளந்து பாருங்கள்.

பார்த்த அன்றே ஒவ்வொரு ஹெட்டின்மேலும் உள்ள சீரியல் எண்ணைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். லாரியில் ஏற்றும் நாளில் அதே எண்கள் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் பாலக்கோட்டைச் சேர்ந்த ஒருவருக்காக நானே நேரில் போய் ஒரு மெஷினை ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பத்து நாள் கழித்து வந்து இறங்கிய மெஷினில் இரண்டு ஹெட்டுகள் வேறாக இருந்தன. எண்ணைக் குறித்து வைக்காததால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. மெஷினுக்காக வாங்கிய கடனை அவர் மூன்று ஆண்டுகள் கட்டினார். என் சொல்லை நம்பித்தான் அவர் பணம் கொடுத்தார் என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஹெட்டுக்கு அடுத்து, பலர் கேட்கவே மறந்துபோவது பூட்டைப் பற்றி. டிசைனை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித்தரும் ரிப் மென்பொருளுக்கு டாங்கிள் என்னும் சிறிய சாவி உண்டு. அது கைமாறாவிட்டால் மென்பொருளைத் தனியாக வாங்க வேண்டிவரும். அதைவிட மோசமானது, மெஷினை இயக்கும் சில சீன எலக்ட்ரானிக் போர்டுகளில் வைக்கப்படும் காலவரம்புக் கடவுச்சொல். தவணையில் விற்ற டீலர், பணம் முழுவதும் வரும்வரை குறிப்பிட்ட மணி நேரத்துக்குப் பிறகு மெஷின் தானாக நின்றுவிடும்படி பூட்டி வைத்திருப்பார். முதலில் வாங்கியவர் பாக்கியைக் கட்டாமல் கடையை மூடியிருந்தால், அந்தப் பூட்டு உங்களோடு காரிமங்கலத்துக்கு வரும். நிரந்தரக் கடவுச்சொல் போடப்பட்டிருக்கிறதா என்பதை மெஷினின் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள், வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள்.

மூடிய கடை என்பதால் கடன் பற்றியும் கேட்டாக வேண்டும். வங்கிக் கடனில் வாங்கிய மெஷின் அந்த வங்கிக்கு ஈடாக இருக்கும். கடன் முடிந்ததற்கான சான்றை உரிமையாளரிடம் கேளுங்கள். வாடகை பாக்கிக்காகக் கட்டட உரிமையாளர் மெஷினைப் பிடித்து வைத்திருப்பதும் உண்டு. ஷட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் இது தெரிந்துவிடும். மெஷினை முதலில் வாங்கியபோது போட்ட பில்லில் உள்ள பெயரும், இப்போது உங்களுக்கு பில் போடுபவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பணமும் அந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். தரகரின் கணக்குக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. அவருக்குரிய கமிஷனை மெஷின் ஓடிய பிறகு தனியாகக் கொடுங்கள்.

கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வருவதற்கு இ-வே பில் என்னும் ஆன்லைன் சரக்குச் சீட்டு வேண்டும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின் எல்லையில் வணிகவரிச் சாவடி இல்லை, கேட்க ஆளில்லை என்று தரகர்கள் தைரியம் சொல்வார்கள். பறக்கும் படை சாலையில் எங்கும் நிறுத்தலாம். ரிப்பேருக்குப் போகிறது என்று பொய்யாகச் சலான் எழுதி அனுப்பும் பழக்கமும் உண்டு. பிடிபட்டால் லாரியோடு நிற்கப்போவது உங்கள் மெஷின்.

இவ்வளவும் சொன்னபின், நின்றுபோன மெஷினை வாங்கலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரு நிலை இருக்கிறது. அது ஹெட்டே இல்லாமல், உடம்புக்கு மட்டும் விலை பேசி வாங்குவது. 10 அடி மெஷினின் சட்டமும், ஹெட் வண்டி ஓடும் ரெயிலும், மோட்டார்களும், உருளைகளும் நன்றாக இருந்தால் பல ஆண்டு உழைக்கும். காலத்தால் முதலில் கெடுவது ஹெட்தான். எனவே விற்பவரிடம், "ஹெட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மீதிக்கு என்ன விலை" என்று கேளுங்கள். விலை கணிசமாக இறங்கினால் மேலே பேசலாம். ஹெட் நன்றாக இருக்கிறது என்று சாதித்தவர் அதைக் கழற்றி வைத்துக்கொள்ளத் தயங்கினால், அதன் மதிப்பு அவருக்கே தெரிந்திருக்கிறது.

உடம்பை எப்படிச் சோதிப்பது? முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஹெட் வண்டியைக் கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்லத் தள்ளிப் பாருங்கள். எங்கும் இடறாமல், ஒரே இழுவையில் போக வேண்டும். இடறினால் ரெயிலோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. பெல்ட்டில் வெடிப்பும், வண்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று மெஷினுக்குக் காட்டும், நீளவாக்கில் ஓடும் என்கோடர் பட்டையில் கீறலும் இங்க் கறையும் இருக்கக் கூடாது. பிறகு மின்சாரம் கொடுத்து, வண்டி தன் தொடக்க இடத்துக்கு ஒழுங்காகப் போய் நிற்கிறதா, துணி சீராக இழுக்கப்படுகிறதா, ஹீட்டர்கள் சூடாகின்றனவா என்று பாருங்கள். மிச்சமிருப்பது ஹெட்டுகளை இயக்கும் ஹெட் போர்டு. ஹெட் இல்லாமல் அதை முழுமையாகச் சோதிக்க முடியாது. அங்கேதான் வாங்குபவர்கள் அடிபடுகிறார்கள். இங்க் சிந்தி, கேபிள் வழியாகப் போர்டு வெந்துபோயிருந்தால், நீங்கள் வாங்கிப் போடும் புது ஹெட்டும் முதல் நாளே கருகிவிடும். அதனால் நல்ல நிலையில் இருக்கும் அதே மாடல் ஹெட் ஒன்றை உங்கள் இன்ஜினியர் கொண்டுவர வேண்டும். ஹெட்டைச் செருகுவதற்கு முன் நான்கு இடங்களிலும் வோல்டேஜை மீட்டரால் அளந்து, சரியாக இருந்தபின் அந்த ஒரே ஹெட்டை நான்கு இடங்களிலும் மாற்றி மாற்றிப் பொருத்தி நாசில் செக் எடுக்க வேண்டும். இதற்கு அரைநாளுக்குமேல் ஆகும், விற்பவர் சலித்துக்கொள்வார், பொருட்படுத்தாதீர்கள். அந்த மாடல் ஹெட் இன்றும் சந்தையில் புதிதாகக் கிடைக்கிறதா என்பதையும், சொட்டின் அளவு வேறுபட்ட ஹெட்டுகளை ஒரே மெஷினில் கலந்துவிடக் கூடாது என்பதையும் இன்ஜினியரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

இப்படித் துருவித் துருவி ஒரு சிறு கடைக்காரர் தானே சோதிக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும், மானியத்தோடு வரும் கடனுக்குப் புதிய மெஷினின் கொட்டேஷனைத்தான் கேட்கிறார்கள். புதிய மெஷினுக்குக் கைக்காசாகப் போட வேண்டிய மார்ஜின் தொகை இல்லாதவர்தான் பழையதைத் தேடுகிறார். அவருக்குக் கடனும் இல்லை, பழைய மெஷினைப் பரிசோதித்துச் சான்று தர அரசுத் தரப்பில் ஓர் ஏற்பாடும் இல்லை. கடைசியில் அவர் தனியார் பைனான்ஸில் கடும் வட்டிக்கு வாங்கி, தரகரின் வாக்கை நம்பி ஏமாறுகிறார். மெஷின்களுக்கு ஒரு பரிசோதனைச் சான்று முறையைக் கொண்டுவருவது அவ்வளவு பெரிய காரியமா?

மெஷினோடு பத்து கேன் இங்க் இலவசம் என்று சொன்னால் வாங்கி ஊற்றிவிடாதீர்கள். காலாவதியான இங்கும், வேறு கம்பெனி இங்கோடு கலந்த இங்கும் குழாய்க்குள்ளேயே கட்டியாகிவிடும். 10 அடி என்பது அச்சடிக்கும் அகலம் மட்டுமே. மெஷினின் நீளம் 15 அடியைத் தாண்டும் என்பதால், உங்கள் அறையை அளந்துவிட்டுப் பேசுங்கள். தனி எர்த் போடாமல் மெஷினை இயக்கவே கூடாது.

இந்த வாரம் தரகரிடம் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: ஹெட் இல்லாமல் என்ன விலை, டாங்கிளும் நிரந்தரக் கடவுச்சொல்லும் இருக்கின்றனவா, உரிமையாளர் தம் பெயரில் ஜி.எஸ்.டி. பில் போடுவாரா. மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், நாள் கூலியை நீங்களே கொடுத்து ஒரு சர்வீஸ் இன்ஜினியரை ஓசூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ அழைத்துக்கொண்டு பெங்களூருக்குப் போங்கள். தரகர் ஏற்பாடு செய்து தரும் இன்ஜினியர் வேண்டாம்.