கேள்வி – பதில்: அப்பாவின் நிழல்

கேள்வி: புகை பிடிக்கும் சுங்கான் (பைப்) ஒன்றை வரைந்து, அதன் கீழேயே ‘இது சுங்கான் அல்ல’ என்று எழுதினாரே ஓவியர் ரெனே மாக்ரித், அது குறும்பா?

பதில்: குறும்புதான். ஆனால் பொய் இல்லை. அந்தப் படத்தில் புகையிலை அடைக்க முடியுமா? 1929-இல் வரைந்தது, இன்னும் யாராலும் முடியவில்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு செய்யும் படமும் கேமராவில் எடுத்த படமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: வந்த வழிதான் வித்தியாசம்.

எங்கள் ஆல்பத்தில் அப்பா இருக்கும் படங்கள் குறைவு. கேமரா எப்போதும் அவர் கையில்தான். ஒரு படத்தில் மட்டும், முதுகில் சாயங்கால வெயில் விழ, அவர் நிழல் நீண்டு வந்து எங்கள் காலடியில் கிடக்கிறது, முழங்கைகள் இரண்டும் துருத்திக்கொண்டு. முகமே இல்லை. ஆனாலும் அவர் அங்கே நின்றார்.

போன மாதம் அக்கா மகன் ஒரு செயலியில் புதுப் படம் செய்து அனுப்பினான். எங்கள் நடுவில் அப்பா சிரிக்கிறார். மூக்கு, மீசை எல்லாம் அச்சு அசல். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது எப்போ எடுத்தது?” என்று கேட்டாள்.

குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியலில், அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் பர்ஸ் சொன்ன பிரிவு இங்கே உதவும். ஓவியம், சாயலால் ஒன்றைக் குறிக்கிறது. புகை நெருப்பையும் காலடித் தடம் நடந்தவரையும் தடயமாக நின்று குறிக்கின்றன. மூன்றாவது, சொற்களைப் போல வழக்கத்தால் குறிப்பது, அதை விடுங்கள். புகைப்படத்தில் சாயல், தடயம் இரண்டும் உண்டு, பொருளில் பட்ட ஒளியே வந்து பதிவதால். அப்பாவின் நிழல் ஏறக்குறைய வெறும் தடயம். செயலியின் படம் ஏறக்குறைய வெறும் சாயல். பழைய படத்தை வைத்துத்தானே செய்தான் என்று வாதாடலாம். சரி, மூக்குக்கு அது பொருந்தும். அந்தச் சிரிப்புக்கு எந்த வெயிலும் சாட்சி இல்லை.

அதற்காகத் தடயம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். 1838-இல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகுவேர் பாரிஸின் பரபரப்பான தெரு ஒன்றைப் படமெடுத்தார். ஒளி பதியச் சில நிமிடங்கள் ஆனதால் ஓடிய வண்டிகளும் நடந்த ஆட்களும் பதியவே இல்லை. காலணிக்கு மெருகு போட அசையாமல் நின்ற ஒருவர்தான் தெளிவாகத் தெரிகிறார். அதைப் பார்த்து, தெரு வெறிச்சோடிக் கிடந்தது என்று எழுதினால் பொய் நம்முடையது.

அம்மா புதுப் படத்தைச் சட்டம் போடச் சொன்னாள். போட்டாயிற்று. வழக்கமாகப் பின்பக்கம் தேதி எழுதுவோம். பேனாவை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.