மின் பயிலுனர் கேள்வி – பதில்

கேள்வி: எச்.என்.டி.இ. (பொறியியல் உயர் தேசிய டிப்ளோமா) பயிற்சிக்காக ஒரு மின் விநியோகப் பிரிவில் சேர்ந்து ஆறு கிழமை. பொழுதுபட்டால் ட்ரான்ஸ்போமர் ட்ரான்ஸ்போமராகப் போய் லோட் எழுதுவதுதான் வேலை. இதில் படிக்க என்ன இருக்கிறது?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: நிறைய இருக்கிறது தம்பி. எழுதியதோடு விடாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

160 கேவிஏ, 400 வோல்ற் ட்ரான்ஸ்போமரின் முழு லோட் ஒரு பேஸுக்கு (மின் வரும் மூன்று கம்பிகளில் ஒன்றுக்கு) 231 அம்பியர். இரவு ஏழரைக்கு நீங்கள் அளந்தது 210, 120, 95 என்று வைப்போம். ஒரு பேஸ் நிரம்பப் போகிறது, மற்ற இரண்டும் பாதியளவில் கிடக்கின்றன. புது ட்ரான்ஸ்போமர் கேட்க முன்னர், சில வீட்டு இணைப்புகளைப் பேஸ் மாற்றினாலே போதும்.

அடுத்து நியூட்ரல், அதாவது மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பி. மூன்று எண்களின் வர்க்கங்களையும் கூட்டி, இரண்டிரண்டாகப் பெருக்கி வருவனவற்றைக் கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். மேலே உள்ள எண்களுக்கு ஏறத்தாழ 105 அம்பியர் வரும். கிளாம்ப் மீற்றர் அதைவிட நன்றாகக் கூடக் காட்டினால், எல்ஈடி பல்ப், டிவி, கொம்பியூட்டர் போன்றவற்றின் மூன்றாம் ஹார்மொனிக், அதாவது வழமையைவிட மூன்று மடங்கு வேகமாக அலையும் மின்னோட்டம், நியூட்ரலில் சேர்கிறது. நன்றாகக் குறைந்தால் முதலில் மீற்றரின் வாய் முழுதாக மூடியதா என்று பாருங்கள். முறுக்கிய கேபிள் கட்டு முழுவதையும் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய பூச்சியம்தான் காட்டும். புதியவர்கள் அதிகம் விடும் பிழை இது.

மீற்றரில் பிழையில்லை என்றால், லைன் முடிகிற கடைசி வீட்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வோல்ற் அளக்கக் கேளுங்கள். 230இலிருந்து 6 சதவீதம், அதாவது 216 முதல் 244 வரை இருக்கலாம். ஒரு பேஸ் 190க்கு இறங்கி இன்னொன்று 260க்கு ஏறியிருந்தால் நியூட்ரல் மூட்டு போகிறது என்று சந்தேகியுங்கள். அது அறுந்தால், வெவ்வேறு பேஸில் உள்ள இரண்டு வீடுகள் 400 வோல்ற்றில் தொடராக நின்றுவிடும். ஒன்றில் 1000 வாற் லோட், மற்றதில் 200 வாற் என்றால், முதல் வீட்டுக்கு 67 வோல்ற், இரண்டாவதுக்கு 333. குறைவாகப் பாவிக்கிற வீட்டின் டிவிதான் கருகும்! நம் கரையோரத்தில் அலுமினியமும் செம்பும் நேராகச் சேரும் மூட்டு உப்புக்காற்றில் சீக்கிரம் அரிக்கும். அதற்குரிய இரட்டை உலோகக் கனெக்டர் போட்டு, கம்பியை பிரஷால் தேய்த்து கிரீஸ் பூசியே முறுக்க வேண்டும்.

கேள்வி: லைன் ஓஃப் என்று அறிவித்த பிறகும் எர்த் போடுவதற்கு (கம்பிகளை மண்ணோடு இணைப்பதற்கு) ஏன் இவ்வளவு நேரம்?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: நிறுத்தியது ஒரு பக்கத்தை மட்டுமே, அதனால்தான். லைனா ஜெனரேட்டரா என்று ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஒரு கடைக்காரர் ஜெனரேட்டரைப் பூட்டியிருந்தால் அவருடைய 230 வோல்ற் பின்பக்கமாக ட்ரான்ஸ்போமருக்குள் ஏறி, 33 கேவி பக்கத்தில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தமாக வெளிவரும். கூரை சோலார் இன்வேர்ட்டர் லைன் போனதும் தானாக நிற்க வேண்டும், ஆனால் அந்த நம்பிக்கையில் கை வைக்கக்கூடாது. பக்கத்தில் உயிரோடு ஓடுகிற லைனிலிருந்து தூண்டலும் வரும்.

முதலில் லோட்டைத் தாழழுத்தப் பக்கத்தில் திறவுங்கள். டிடிஎல்ஓ பியூஸ் (33 கேவி பக்கத்தில் தூணில் இருக்கும், கழற்றக்கூடிய குழாய் பியூஸ்) லோட்டோடு இழுப்பதற்கானதல்ல, தீப்பொறி நீளும். பிறகு மூன்று குழாயையும் கழற்றிக் கீழே கொண்டுவந்து வாகனத்தில் வையுங்கள். தொங்கவிட்டால் விஷயம் தெரியாத ஒருவர் மூடிவிடக் கூடும். அறிவித்தல் பலகையும் தொங்க வேண்டும். சோதிக்கும் கருவியை உயிருள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் கம்பிகள் ஒவ்வொன்றிலும், முடிவில் மீண்டும் உயிருள்ள இடத்தில். நடுவில் பற்றரி போயிருந்தால் அந்தக் கடைசிச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

எர்த் செற்றில் மண்ணுக்குப் போகும் முனை முதலில், பிறகு இன்சுலேற்றட் தடியால் நியூட்ரல், பின் பேஸ்கள். கழற்றும்போது தலைகீழ்: மண் முனை கடைசி. அதை முதலில் பிடுங்கினால், உயிர் வரும்போது அந்த முனை உங்கள் கையில் இருக்கும். கல்லடி, நிந்தவூர்ப் பக்கத்துக் காய்ந்த மணலில் ஆணி ஈரமண்ணைத் தொடும்வரை இறங்க வேண்டும். அங்கே எல்லாக் கம்பிகளையும் ஒன்றோடொன்று குறுக்கிக் கட்டுவது இரட்டிப்பு அவசியம். தங்கச்சி, மேலாளர் அவசரப்படுத்தினாலும் இதில் ஒரு படியையும் விடாதீர்கள்.

கேள்வி: மழை கொட்டும்போது தாக்குப்பிடிக்கிற 33 கேவி லைன், சின்னத் தூறலுக்கு ட்ரிப் ஆகிறதே?
– வாசகர், ஒலுவில்

பதில்: கோடை முழுக்கக் கடற்காற்று இன்சுலேற்றரில் உப்பைப் படிய வைக்கிறது. காய்ந்த உப்பு கடத்தாது. பனியோ தூறலோ அதை நனைத்தால் கடத்தும், ஆனால் கழுவ அந்த ஈரம் போதாது. பெருமழை கழுவிவிடும். ஆகவே இரவில் சீறும் சத்தமும் ஊதா ஒளியும் உள்ள தூண்களைக் குறித்து வையுங்கள். மழை படாத கீழ்மடிப்புகளில்தான் உப்பு அதிகம். மாற்றுவதாக இருந்தால் ஊர்வுத்தூரத்தை, அதாவது இன்சுலேற்றரின் மேற்பரப்பு வழியே இரு முனைக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பாருங்கள்: கடும் உப்புப் பகுதிக்கு ஒரு கேவிக்கு 31 மில்லிமீற்றர், 33 கேவி லைனுக்குரிய 36 கேவி உச்ச மின்னழுத்தத்துக்கு 1116 மில்லிமீற்றர். உள்நாட்டு லைனில் கழற்றிய இன்சுலேற்றரை ஒலுவிலில் பூட்டினால் அடுத்த தூறலிலும் இதே கதைதான்.