இணையத் தொலைபேசி: புகாரை எங்கே கொடுப்பது?

கேள்வி: மினசோட்டாவில் வசிக்கிறேன். வீட்டில் இருப்பது கேபிள் நிறுவனத்தின் இணையவழித் தொலைபேசி. பில்லில் திடீரென்று ‘ஒழுங்குமுறைச் செலவு மீட்பு’ என்று ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்திடம் முறையிட்டால், தங்களுக்கு அதிகாரம் இல்லை என்கிறார்கள். 200 டாலர் கொடுத்தால் அந்தத் தொகையை நீக்கி, எண்ணையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதாக முகவர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். புகார் கொடுக்கவும் எண்ணை மாற்றவும் இடையில் ஆள் தேவையில்லை.

மாநில ஆணையம் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. 2003-இல் வோனேஜ் என்ற இணையத் தொலைபேசி நிறுவனத்தைப் பழைய தொலைபேசி நிறுவனங்களைப் போல உரிமம் பெறச் சொன்னது இதே ஆணையம்தான். எந்த ஊரிலிருந்தும் பேசக்கூடிய சேவையில் மாநிலத்துக்குள் நடக்கும் அழைப்பைத் தனியே பிரிக்க இயலாது என்று காரணம் காட்டி, மத்திய அரசின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2004 நவம்பரில் அந்த உத்தரவைச் செல்லாததாக்கியது. பின்னர், ஒரே வீட்டில் நிலையாக இருக்கும் சார்ட்டர் நிறுவனத்தின் கேபிள் தொலைபேசியையாவது தன் விதிகளுக்குள் கொண்டுவர மாநிலம் முயன்றது. அது மாநிலம் ஒழுங்குபடுத்தக்கூடிய தொலைத்தொடர்புச் சேவை அன்று, மாநில ஒழுங்குமுறைக்கு உட்படாத தகவல் சேவையே என்று எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது; உச்ச நீதிமன்றமும் 2019-இல் அவ்வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. இரண்டில் எது என்று நேராகச் சொல்ல வேண்டிய எஃப்.சி.சி. இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாமலே இருப்பதால், உங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆனால், மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்பதால் மாநிலத்தின் பெயரில் வரும் எல்லாத் தொகையையும் மறுத்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அவசர உதவிக்கான 911 கட்டணத்தை இணையத் தொலைபேசியிலும் வசூலிக்க 2008-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இடமளிக்கிறது. எல்லோருக்கும் தொலைபேசி கிடைக்க உதவும் மாநிலப் பொதுச் சேவை நிதிக்கு இந்த நிறுவனங்களிடம் பங்கு கேட்க 2010-இல் எஃப்.சி.சி.யே அனுமதித்தது. சேவையை ஒழுங்குபடுத்துவது வேறு, நிதி திரட்டுவது வேறு. ஆகவே 911 என்று குறிப்பிட்ட கட்டணத்தைச் செலுத்தத்தான் வேண்டும். ‘ஒழுங்குமுறைச் செலவு மீட்பு’ அப்படியன்று. அது அரசு விதித்த வரியன்று, நிறுவனம் தானாகச் சேர்த்துக்கொள்வது. அதை அரசு வரி என்று உங்களிடம் சொல்லியிருந்தால், மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் முறையிடுங்கள். மோசடிக்கு எதிரான மாநிலத்தின் பொதுச் சட்டங்களை 2004 உத்தரவு தொடவில்லை. எஃப்.சி.சி. இணையதளத்தில் முறைசாராப் புகாரையும் பதியுங்கள். அதற்குக் கட்டணமில்லை, புகார் அனுப்பப்பட்டால் நிறுவனம் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இனி முகவர். எண்ணை மாற்ற உங்கள் கணக்கு எண்ணையும் ரகசிய எண்ணையும் அவர் கேட்பார். அவை கைமாறினால் உங்கள் தொலைபேசி எண்ணே பறிபோகலாம். அந்த எண்ணுக்கு வரும் வங்கிக் குறியீடுகளும் அதோடு போகும். எண் மாற்றும் உரிமையை இணையத் தொலைபேசிக்கும் எஃப்.சி.சி. 2007-இலேயே விரிவுபடுத்திவிட்டது. புதிய நிறுவனத்திடம் விண்ணப்பித்தால் அவர்களே பழைய நிறுவனத்தோடு பேசிக்கொள்வார்கள். பாக்கி இருக்கிறது என்று சொல்லிப் பழைய நிறுவனம் எண்ணைப் பிடித்துவைக்க முடியாது. எண் மாறி முடியும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள். ரத்து செய்த எண் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. மாறிய அன்றே புதிய நிறுவனத்திடம் 911-க்கான வீட்டு முகவரியைப் பதிவு செய்துவிடுங்கள்.